சின்னக் குழலின் பெயர்

கேள்வி: மேற்கத்திய இசைக்குழுக்களில் புல்லாங்குழலைவிடச் சிறிய குழல் ஒன்றை வாசிக்கிறார்கள். 'பிக்கோலோ' என்னும் அதன் பெயருக்குப் பொருள் என்ன? அது எந்த மொழிச் சொல்? (வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: 'பிக்கோலோ' இத்தாலிய மொழிச் சொல், 'சிறிய' என்பதே அதன் பொருள். 'சிறு குழல்' எனப் பொருள்படும் 'ஃப்ளௌட்டோ பிக்கோலோ' என்பதுதான் முழுப்பெயர். அதில் குழலைக் குறிக்கும் முதற்சொல் நாளடைவில் உதிர்ந்துவிட, அடைமொழி மட்டும் தனித்து நின்று கருவியின் பெயராகிவிட்டது. சின்ன வெங்காயம் வாங்கும்போது கடைக்காரரிடம் "சின்னதில் ஒரு கிலோ" என்று கேட்கிறோம் அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லைத் தந்த இத்தாலியர்கள் இன்று இக்கருவியை அப்பெயரால் அழைப்பதில்லை. அவர்கள் வழங்கும் பெயர் 'ஒட்டவீனோ'. எட்டாம் சுரத்தை, அதாவது ஒரு ஸ்தாயி மேலே வரும் அதே சுரத்தைக் குறிக்கும் 'ஒட்டாவா' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் நீளமே உள்ள இக்குழல், சுமார் 67 சென்டிமீட்டர் நீளமுள்ள வழக்கமான குழலில் பாதி அளவாக இருப்பதால், ஏட்டில் எழுதியுள்ள சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிறது. இசையமைப்பாளர்கள் இதை நாடுவது உருவத்தின் சிறுமைக்காக அன்று, இந்த உச்ச ஒலிக்காகவே என்பதால், இத்தாலியர் வைத்த பெயரே பொருத்தமானது என்பேன். 1808இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில், முதல் மூன்று பகுதிகளிலும் வாய் திறவாத பிக்கோலோ இறுதிப் பகுதியில் மட்டும் சேர்ந்துகொண்டு, முழு வாத்தியக் குழுவின் முழக்கத்துக்கும் மேலாகக் கேட்பது அதனால்தான். வழக்கமான குழல் இன்று பெரும்பாலும் உலோகத்தால் செய்யப்பட, வாத்தியக் குழுக்களில் வாசிக்கும் பிக்கோலோ பலவும் இன்னும் ஆப்பிரிக்கக் கருமரத்தாலேயே செய்யப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் தத்தம் மொழியில் 'சிறு குழல்' என்றே சொல்லிவந்தார்கள். ஜெர்மன் மொழியில் 'பிக்கோலோ' என்பது ஒருவர் அருந்தும் அளவிலான சிறு மது புட்டிக்கும், உணவகத்தில் வேலை பழகும் பையனுக்கும்கூடப் பெயராயிற்று.

பழைய இசை ஏடுகளைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'ஃப்ளௌட்டோ' என்று மட்டும் எழுதினால், நுனியில் ஊதி நேராகப் பிடித்து வாசிக்கும் ரெக்கார்டர் என்னும் குழலையே அது பெரும்பாலும் குறித்தது. ஆகவே 1724ஆம் ஆண்டின் தேவாலய இசைப்படைப்பு ஒன்றில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் 'ஃப்ளௌட்டோ பிக்கோலோ' என்று குறித்திருப்பது இன்றைய பிக்கோலோவை அன்று, சிறிய ரெக்கார்டரைத்தான். பக்கவாட்டில் பிடித்து ஊதும் குழல் வேண்டுமென்றால், 'குறுக்கான' எனப் பொருள்படும் 'ட்ராவெர்ஸோ' என்னும் சொல்லை அவர் பயன்படுத்தினார்.