"பழகிக்கொள்" என்று இனிச் சொல்லாதீர்கள்

கேள்வி: என் தங்கை கடந்த டிசம்பரில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதல் இரண்டு மாதம் நல்ல உற்சாகம். மாடி வீடு, கடற்கரை, கடைத்தெரு என்று படம் படமாக அனுப்பினாள். இப்போது ஆறு மாதம் ஆகிறது. போன் எடுத்தால் அழுகை. இல்லாவிட்டால் பீலியில், அதுதான் தோட்டத்து ஊற்றுக் குழாயில், தண்ணீர் வருகிறதா, அம்மா ரொட்டிக்கு என்ன சம்பல் அரைத்தாள் என்று ஒன்றுக்கும் உதவாத கேள்விகள். அடகு வைத்த நகையை மீட்க வேண்டும். ஒப்பந்தமோ இரண்டு வருடம். "பழகிக்கொள்" என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். அவள் மனத்தைத் திடப்படுத்த என்ன வழி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, "ஒன்றுக்கும் உதவாத கேள்விகள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான செய்தி அந்தக் கேள்விகள்தான்.

என் பெரியம்மா 1970களின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்குப் போனவர். இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரில் இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கிய 5,25,000 பேரில் அவரும் ஒருவர். முதல் கடிதம் முழுக்க வியப்பு: பெரிய கோயில்கள், எங்கு திரும்பினாலும் தமிழ்ப் பலகைகள். மூன்றாவது கடிதத்தில், "பீலிக்கரைக் கொய்யா இந்த வருஷம் காய்த்ததா?" என்று கேட்டிருந்தார். தாத்தா எழுதச்சொன்ன பதில் ஒரே வரி: "போன இடத்தில் பழகிக்கொள்." அதன்பிறகு வந்த கடிதங்களில் நலம், நலமறிய ஆவல் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளை பழகிவிட்டாள் என்று இங்கே எல்லாருக்கும் நிம்மதி. இருபது வருடம் கழித்து நான் நேரில் போனபோதுதான், முதல் இரண்டு வருடம் அழாமல் தூங்கிய இரவே இல்லை என்று சொன்னார். எங்களுக்கு எழுதுவதை மட்டும்தான் அவர் நிறுத்தியிருந்தார்.

உங்கள் தங்கைக்கு வந்திருப்பது மனத்தின் பலவீனம் அல்ல. அமெரிக்காவுக்கு உதவித்தொகையில் போன நோர்வே நாட்டவர்களை ஆராய்ந்து, லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955இல் எழுதியிருக்கிறார்: போய் ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடைப்பட்டவர்களே மற்றவர்களைவிட அதிகம் தடுமாறினார்கள். அவர்கள் படித்தவர்கள், விரும்பிப் போனவர்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், ஒரு வீட்டின் சமையலறைக்குள் தனியாக இருக்கும் பெண்ணுக்கு? அவர் போய் இறங்கியது அங்கே குளிர்காலம். நம் ஊர்போலவே இருந்திருக்கும். இப்போது வெயில் 45 பாகையைத் தாண்டுகிறது. மழையிலும் பனியிலும் வளர்ந்த பிள்ளை, தம்பி.

ஆனால் எல்லா அழுகையும் ஊர் ஏக்கம் என்று எண்ணிவிடவும் கூடாது. இதைக் கவனமாகப் படியுங்கள். குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென்று 2015இல் வந்த சட்டப்படி, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது; வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு; கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூடாது. இவையெல்லாம் தங்கைக்குக் கிடைக்கின்றனவா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? எத்தனை மணிக்குப் படுக்கிறார், வயிறாரச் சாப்பிடுகிறாரா, சம்பளம் அவர் கைக்கு வருகிறதா, யாராவது கை ஓங்கினார்களா? வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்றால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் ஒரு சொல்லை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மாடு கன்று போட்டதா?" என்று அவர் கேட்டால் ஆபத்து என்று உங்களுக்குப் புரிய வேண்டும். அந்தச் சொல் வந்த அன்றே இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். நகை மீட்கும் வரை பொறு என்று அப்போதும் சொல்வீர்களானால், அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

அப்படி ஒன்றும் இல்லை, வெறும் ஏக்கம்தான் என்று தெரிந்தால், மாற வேண்டியது உங்கள் பேச்சு. நீங்கள் இரவு எட்டு மணிக்கு அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மாலை ஐந்தரை. அடுப்பில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாக எப்படிப் பேசுவார்? அவருக்கு எப்போது கை ஓயும் என்று கேளுங்கள். அது உங்களுக்கு நடுச்சாமமாக இருக்கலாம். வாரத்தில் ஒரு இரவு விழித்திருங்கள். அந்த அழைப்பில் நகைப்பேச்சு வேண்டாம். அம்மாவையும் எழுப்பிப் பேசவிடுங்கள். மலையில் கொழுந்து எப்படி, இன்றைக்கு எத்தனை கிலோ, பக்கத்துக் காம்பராவில் யாருக்குக் கல்யாணம் என்று அம்மா சொல்லட்டும். அதே தோட்டத்திலிருந்து அந்த ஊருக்குப் போன அக்காமார் யாராவது இருந்தால், இலக்கம் தேடிக் கொடுங்கள். ஓய்வு நாளில் பேச ஆள் வேண்டும்.

இப்போது உங்கள் பக்கம் விடாத மழை. போனை இஸ்தோப்புக்கு, வாசல் திண்ணைக்கு, எடுத்துப்போய், தகரத்தில் விழும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் அவருக்குக் கேட்க விடுங்கள். பீலியில் தண்ணீர் வருகிறதா என்ற கேள்விக்கு அவருக்கு இன்னும் பதில் வரவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.