மேலாளரே மேற்பார்வையாளராக இருந்தால்

உங்கள் வேலையில் வரும் தடுமாற்றங்களைப் பேசி வழிகாட்ட, வெளியிலிருந்து தனியாக ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்று கேளுங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நீங்கள் வேலை பார்க்கும் மையத்தில் மேலாளரே மேற்பார்வையும் பார்க்கிறார், ஹெராயின் கலந்த ‘சுகர்ஸ்’ என்ற போதைப்பொருளுக்குத் திரும்பிவிட்ட, உங்கள் பொறுப்பிலுள்ள பையனைப் பற்றி அவரிடம் வாய் திறக்க முடியவில்லை என்கிறீர்கள். சம்பள உயர்வை முடிவு செய்பவரிடம் யார்தான் தன் தடுமாற்றத்தைச் சொல்வார்கள்? குறை உங்களிடம் இல்லை.

மேலாளரோடு நடந்த கடைசி மேற்பார்வைச் சந்திப்பின் குறிப்பை எடுத்துப் பாருங்கள். வருகைப் பதிவும் படிவங்களும் மட்டும்தானா? அப்படியானால் அது நிர்வாகக் கூட்டம். பையனின் அம்மாவைக் கோயிலில் பார்க்கும்போது உங்களுக்குள் என்ன ஆகிறது என்பதற்கு அங்கே இடமே இல்லை. புதியவரிடம் அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

நீங்கள் பதிவுபெற்ற சமூகப் பணியாளர் என்றால், தென்னாப்பிரிக்க நெறிமுறைப்படி மேற்பார்வையாளரும் அதே பதிவு உள்ளவராக இருக்க வேண்டும். டர்பனில் நம் வட்டம் சின்னது, அதனால் புதியவரிடம் பையனின் பெயர், தெரு எதையும் சொல்லாதீர்கள். அப்புறம், அவன் உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் அடுத்த மேற்பார்வைச் சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றைக்கே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.