மாடு கொடுத்துச் சேர்த்த நாடு

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோ நாட்டின் பசோத்தோ மக்கள் தங்கள் அடையாளமாகக் காட்டும் கம்பளிப் போர்வை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்தது என்று படித்தேன். பிறகு அது எப்படி அவர்கள் பண்பாடாகும்? தன் தாத்தாவைக் கொன்று தின்றவர்களை அவர்களின் முதல் அரசர் மொஷ்வேஷ்வே மன்னித்தார் என்பதை நம்பலாமா?
கா.

அன்புள்ள கா.,

போர்வையில் ஓடும் கோடு நெடுக்காக நிற்கும்படிதான் அவர்கள் போர்த்துகிறார்கள். குறுக்கே கிடந்தால் வளர்ச்சி நின்றுபோகுமாம். வாங்கிய பொருளில் தங்கள் நம்பிக்கையை ஏற்றி, கல்யாணம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? எதையும் பூர்வீகம் விசாரித்து மட்டம் தட்டும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் தம்பி. நல்ல வாசகரைக் கெடுக்கும் பழக்கம் அது.

தாத்தா கதைக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக மனதில் கிடந்ததுதான். 1824இல் போருக்கும் பஞ்சத்துக்கும் தப்பி, மொஷ்வேஷ்வே தன் மக்களோடு தாபா பொசியு மலைக்கு நடந்தார். பின்தங்கிய கிழவர் பீட்டே பசித்த கூட்டத்திடம் சிக்கினார். பின்னாளில் அவர்கள் பிடிபட்டபோது எல்லோரும் கொல்லச் சொன்னார்கள். "இவர்கள் வயிறு என் தாத்தாவின் சமாதி, அதைக் கலைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார் அவர். சமாதிக்குச் செய்யும் சடங்கை அவர்கள் உடம்புக்கே செய்து, மாடும் கொடுத்தார் என்பது வழிவழியாக வரும் கதை.

சொல்லிச் சொல்லி மெருகேறியிருக்கலாம். ஆனால் அவரை மகானாக்கி ஒதுக்கிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். அது அரசியல். மாடில்லாதவன்தான் கொள்ளைக்குப் போகிறான். அவனிடம் மாட்டை ஒப்படைத்தால்? அந்த ஏற்பாட்டுக்கு மஃபிசா என்று பெயர். பாலைக் கறந்து குடிக்கலாம், ஏரில் பூட்டலாம், மாடும் கன்றும் மட்டும் கொடுத்தவருக்குச் சொந்தம். வாங்கியவன் தலைவனை விட்டு எங்கே போவான்? சிதறிக் கிடந்த எத்தனையோ குலங்கள் இப்படித்தான் ஒரே மக்களாயின.

1831இல் இன்டெபெலே அரசர் ம்சிலிகாசியின் படை மலையேற முடியாமல் திரும்பியது. பின்னாலேயே மொஷ்வேஷ்வே காளைகளை அனுப்பினார்: பசிதான் உங்களை இங்கே இழுத்து வந்திருக்கும், சாப்பிட்டுப் போங்கள் என்று. 1852 டிசம்பரில் பெரேயாவில் பிரிட்டிஷ் தளபதி காத்கார்ட்டின் படையைத் திணறடித்தார். அன்றிரவே காத்கார்ட்டுக்கு மொஷ்வேஷ்வேயின் கடிதம் போகிறது: உங்கள் பலத்தைக் காட்டிவிட்டீர்கள், தண்டித்துவிட்டீர்கள், போதும், சமாதானம் வேண்டும். எதிராளி மானத்தோடு திரும்பிப்போக வழிவிட்டார். காத்கார்ட்டும் போனார். ஆப்பிரிக்காவின் அந்த நூற்றாண்டு என்றால் ஜூலு அரசர் ஷாகாவின் ஈட்டியைத் தவிர வேறெதுவும் நமக்கு நினைவுக்கு வராதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அங்கே குடியேறிய டச்சு வழி வெள்ளையர்களான போயர்களிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது நிலம். மாட்டைப் போல அதைக் கொடுத்துத் திரும்ப வாங்க முடியுமா? 1868இல் மொஷ்வேஷ்வேயே கேட்டபடி பிரிட்டன் நாட்டைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது பெரும்பாலும் மலை. கேலடன் ஆற்றுக்கு மேற்கே பசோத்தோ மக்கள் போயர்களிடம் இழந்த விளைநிலம் இன்றும் தென்னாப்பிரிக்காவில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அதைப் பற்றி.