அலபாமாவில் திங்கட்கிழமைப் பேச்சு: யார் இந்த நிக் சேபன்?

தம்பி, பர்மிங்ஹாமுக்குப் புதிதாக வருகிறவர்கள் வாடகை, லைசென்ஸ், பள்ளிக்கூடம் பற்றித்தான் கேட்பார்கள். உங்கள் கேள்வி வேறு: "ஆபீஸில் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சேபன், சேபன் என்கிறார்கள். ஓய்வு பெற்றவரைப் பற்றி இன்னும் என்ன பேச்சு? கல்லூரிக் கோச்சுக்கு கவர்னரைவிடப் பல மடங்கு சம்பளம் எப்படி? இந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை நான் கற்றுக்கொள்ள வேண்டுமா?"

ஆட்ட விதிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த மனிதர் கடந்து வந்த வழியைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பேச்சு புரிந்துவிடும்.

சேபன் இந்த ஊர்க்காரர் இல்லை. 1951-இல் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவுக்குப் பெட்ரோல் பங்க். பையன் கழுவிய காரில் ஒரு கோடு தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் துடைத்தால் போதாது. முழுக் காரையும் மறுபடி கழுவ வேண்டும். சேபனே பல தடவை சொன்ன கதை இது. பின்னாளில் அவரிடம் ஆடிய பையன்கள் பட்ட பாட்டுக்கு ஆரம்பம் அங்கேதான் என்பது என் கணிப்பு.

1973-இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கடைநிலை உதவியாளராகத் தொடங்கினார். அதன்பின் சிராக்கியூஸ், மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், கடற்படைக் கல்லூரி, மிச்சிகன் ஸ்டேட், ஹூஸ்டன் என்று நம் கன்சல்டிங் ஆட்கள் புராஜெக்டுக்குப் புராஜெக்ட் ஊர் மாறுவதுபோல மூட்டை கட்டிக்கொண்டே இருந்தார். ஒஹாயோ ஸ்டேட்டில் வேலையைவிட்டே அனுப்பினார்கள். முதன்முதலில் தலைமைக் கோச் ஆனது 1990-இல், டொலிடோவில். ஒரே சீசன்தான். உடனே கிளீவ்லாந்து தொழில்முறை அணியில், தலைமைக் கோச் பில் பெலிச்சிக்கிடம் தற்காப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பாளராகப் போய்விட்டார். இந்தத் தொழிலில் பெரும்பாலோர் வாழ்க்கை இப்படித்தான். நாம் டிவியில் பார்ப்பது உச்சியில் இருக்கும் நாலு பேரை.

மிச்சிகன் ஸ்டேட்டில் தலைமைக் கோச்சாக இருந்தபோது, 1998-இல் முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆட்டம் வந்தது. அங்கிருந்த மனநலப் பேராசிரியர் லயோனல் ரோசன் ஒரு யோசனை சொன்னார்: ஸ்கோரை மறந்துவிடுங்கள், ஒவ்வொரு நகர்வும் ஏழு விநாடிதான், அந்த ஏழு விநாடியை மட்டும் பாருங்கள். 28-24 என்று ஜெயித்தார்கள். முடிவை விட்டுவிட்டு கையிலுள்ள வேலையை மட்டும் பார்க்கும் இந்த வழிக்குத்தான் 'பிராசஸ்' என்று பேர். உங்கள் மேனேஜர் மீட்டிங்கில் 'பிராசஸை நம்புங்கள்' என்றால் பெரும்பாலும் இந்த வாடைதான்.

2003 சீசனில் லூசியானா ஸ்டேட்டுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். பிறகு மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணியில் இரண்டு வருடம், சுமார்தான். 2006 டிசம்பரில், அலபாமா பல்கலைக்கழக அணிக்குப் போகமாட்டேன் என்று நிருபர்களிடம் அடித்துச் சொன்னவர், இரண்டே வாரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். மயாமிக்காரர்களிடம் இந்தப் பேரை எடுக்காதீர்கள்.

எட்டு வருடத்துக்கு 3.2 கோடி டாலர் ஒப்பந்தம். இந்தப் பணம் பெரும்பாலும் டிக்கெட், டிவி உரிமை, பழைய மாணவர்களின் நன்கொடை வழியாக வருவது. பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா ஊர் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். அவர் வந்தபின் பல்கலைக்கழக மாணவர் எண்ணிக்கையும் சுமார் 25 ஆயிரத்திலிருந்து 39 ஆயிரத்துக்கு மேல் போனது. எல்லாம் அவரால்தான் என்று நான் சொல்லமாட்டேன்; இங்கே சொல்கிறவர்கள் நிறைய. முதல் வருடம் லூசியானா மன்ரோ என்ற சின்ன அணியிடம் தோற்றதை அவர்களிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அடுத்து ஆறு பட்டங்கள். லூசியானாவையும் சேர்த்தால் ஏழு. இங்கே தெய்வமாகக் கும்பிடும் பழைய கோச் 'பேர்' (கரடி) பிரயண்ட்டைவிட ஒன்று அதிகம். 2018 ஜனவரியில் ஜார்ஜியாவுடன் இறுதி ஆட்டம். பாதி நேரத்தில் 0-13. அதுவரை அணியை நடத்திய ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, முதலாமாண்டு மாணவன் துவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் துவா முதலில் எதிரணியிடம் மாட்டிக்கொண்டு 16 கஜம் பின்னே போனான். அடுத்த பந்திலேயே 41 கஜம் எறிந்தான், டெவான்டா ஸ்மித் பிடித்தான், பட்டம் கைக்கு வந்தது. 'செகண்ட் அண்ட் 26' (இரண்டாவது முயற்சி, கடக்க வேண்டியது 26 கஜம்) என்று யாராவது சொன்னால் இதுதான்.

2024 ஜனவரி 10-இல் ஓய்வை அறிவித்தார். அடுத்து வந்தவர் கேலன் டிபோர். பாவம், ஒவ்வொரு தோல்விக்கும் அவரைப் பழைய ஆளோடுதான் எடை போடுகிறார்கள். பேச்சு ஓயாததற்குக் காரணம் அதுதான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அலபாமாவா, அல்லது இதே மாநிலத்தின் போட்டிப் பல்கலைக்கழகமான ஆபர்னா என்று கேட்பார்கள். ஒன்றைச் சொல்லிவிடுங்கள், பொதுவான ஆள் என்றால் ரசிக்கமாட்டார்கள். இங்கே காருக்குப் பின்னால் மட்டும் நம்பர் பிளேட் போதும் என்பதால், முன்னால் பாதி அலபாமா பாதி ஆபர்ன் பலகை மாட்டிய கார்களைப் பார்த்திருப்பீர்கள். புருஷன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. தீபாவளி விழாவுக்கு வெள்ளைக்கார நண்பர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் சனிக்கிழமை ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு நேரம் குறியுங்கள். ஆபீஸில் ஆபர்ன்காரர் யாராவது இருந்தால் 2013-இல் கடைசி விநாடியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரம் முழுக்க அவரே பேசுவார், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.