தண்ணீர்ப் போத்தல் ஏன் நிறைந்தபடியே வீட்டுக்கு வருகிறது?

வாசகர் கேள்வி – ரீச்சரம்மா பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகளின் தலையிடி, வயிற்றுவலி, பேன் பற்றித்தான். நான் டொக்டர் இல்லை, ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வகுப்புக்குள் நின்று பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

மகள் மூன்றாம் தரம். காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர்ப் போத்தல் அப்படியே திரும்பி வருகிறது. வீட்டுக்கு வந்ததும் தலையிடி என்று படுத்துவிடுகிறாள். கண்ணாடி போட வேண்டி வருமோ?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

கண்ணையும் காட்டுங்கள் தங்கச்சி, பிழையில்லை. ஆனால் அதற்கு முதல் பிள்ளையிடம், "பள்ளிக்கூடத்தில மலசலகூடத்துக்குப் போறியா?" என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைச் சுளித்தாள் என்றால் தலையிடிக்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது.

பிள்ளைகள் மறந்துபோய்த் தண்ணீர் குடிக்காமல் விடுவதில்லை, கணக்குப் பார்த்துத்தான் விடுகிறார்கள். குடித்தால் போக வேண்டும், போனால் கதவுக்குக் கொளுக்கி இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை, இருட்டு, மணம், வெளியே நிற்கிற பெரிய வகுப்புப் பையன்களின் சிரிப்பு வேறு. ஏழரைக்குப் போய் ஒன்றரைக்கு மணி அடிக்கும்வரை ஆறு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருப்பார்கள், அதுவும் கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே. தலை இடிக்காமல் என்ன செய்யும்? மலமும் இறுகும், சலக்கடுப்பும் வரும். வீட்டுக்கு வந்து போகிற முதல் சலம் பிளேன்ரீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். எரிகிறது என்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மறுகா தொடங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் பெண்பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே, மற்றவள் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு. அதை நட்பு என்று நினைத்து நானும் பல நாள் ரசித்துக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு! ஒருநாள் பிடித்து நின்றவள் மணிச் சத்தம் கேட்டு ஓடிவிட, உள்ளே இருந்தவள் அழுதபடி வந்தபோதுதான் கொளுக்கி உடைந்தது எனக்குத் தெரியும். ஒரு தகப்பன் அடுத்த நாளே கொளுக்கி வாங்கிவந்து பூட்டினார். வேலை அரை மணித்தியாலம்கூட இல்லை.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சமையற்போட்டி, விளையாட்டுப் போட்டி எல்லாம் பேசி முடிந்த பிறகு எழும்பி, "கதவு, வாளி, சவர்க்காரம்" என்று மூன்று சொல் மட்டும் சொல்லுங்கள். சவர்க்காரம் களவு போகுது என்பார்கள். பழைய காலுறைக்குள் போட்டுக் குழாயடியில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். பாடம் நடக்கும்போது போகக் கேட்கிற பிள்ளையை மறிக்க வேண்டாம் என்று வகுப்பாசிரியரிடமும் பணிவாகச் சொல்லிவையுங்கள். இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரேயடியாக வரிசையில் நின்றால் யாருக்குப் போய்வர நேரம் கிடைக்கும்?

காலைக் கூட்டத்தில் ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளையாவது மயங்கி விழுகிறது. என்ன செய்யலாம்?
– இளம் ஆசிரியை, படுவான்கரை

முதல் வேலை, வெயிலில் நிற்பாட்டிச் செய்கிற பேச்சைச் சுருக்குங்கள். இதை அதிபரிடம் சொல்கிற தைரியம் எனக்கு உங்கள் வயதில் இருக்கவில்லை.

அப்புறம், வயலுக்கும் ஆற்றுக்கும் விடியமுன் போகிற தாய் தகப்பனின் பிள்ளைகள் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டுமாகத்தான் வருவார்கள். சாப்பாட்டோடு தேயிலை குடித்தால் அந்தச் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. போதாததற்கு வெறுங்காலோடு ஓடித் திரிகிறபோது ஏறுகிற கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். பாடசாலையில் தருகிற பூச்சி மருந்தையும் இரும்புச்சத்துக் குளிசையையும் பிள்ளை உண்மையில் விழுங்குகிறதா, பொக்கெற்றுக்குள் போடுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குளிசை எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், அதைக் கண்டு பயந்து நிறுத்துகிற தாய்மாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது.

"யார் சாப்பிடாமல் வந்தது, கையை உயர்த்துங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் ரீச்சர். பசித்த பிள்ளை கை உயர்த்தாது. அவித்த கடலையோ பயறோ ஒரு போத்தலில் மேசையில் இருக்கட்டும், கொப்பி திருத்தக் கூப்பிடுகிற சாட்டில் கொடுக்கலாம்.

மகன் ஐந்தாம் தரம், புலமைப்பரிசில். ரியூசன் முடிந்து வந்து படுக்கப் பதினொரு மணி. காலையில் ஐந்துக்கு எழுப்புகிறோம். விளையாட்டையும் நிற்பாட்டிவிட்டோம். இப்போது படித்தது மறக்கிறது என்கிறான்.
– ஒரு தகப்பன், திருக்கோவில்

தம்பி, நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை வேண்டும், நீங்கள் கொடுப்பது ஆறு. பகலில் படித்தது மனதில் பதிவதே நித்திரையில்தான். ஒரு ரியூசனை வெட்டுங்கள். பின்னேரம் கடற்கரை மணலில் பந்தடிக்க விடுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை, இதில் நான் நடுவில் நிற்கமாட்டேன்.

முதலாம் தரத்தில் மருத்துவப் பரிசோதனைக்குப் பெற்றோரையும் வரச் சொல்கிறார்கள். வேலையை விட்டுப் போகத்தான் வேண்டுமா?
– வாழைச்சேனை

போங்கள், கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். 1, 4, 7, 10 ஆம் தரங்களில்தான் பார்ப்பார்கள், தவறவிட்டால் மற்ற முறைக்கு மூன்று வருசம். பார்வை, பல், நிறை, உயரம், போடாமல் விட்ட ஊசி எல்லாம் அன்று பிடிபடும். கடிதம் தந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் அதைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு மறக்காதீர்கள்.

கடையில் பக்கெற் பானம் கேட்டு அடம்பிடிக்கிறான்.
– கல்முனை

பக்கெற்றில் இருக்கிற நிற அடையாளத்தைப் பார்க்கப் பழக்குங்கள். சிவப்பு என்றால் சீனி கூட. பிள்ளைகளுக்கு நிறம் பார்ப்பது விளையாட்டு மாதிரி, சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

பேத்தியின் தலையில் பேன் என்று வகுப்பில் தனியாக இருத்தியிருக்கிறார்கள். பிள்ளை அழுகிறது.
– ஒரு அம்மம்மா, தம்பிலுவில்

எனக்குக் கோபம் வருகிறது அம்மா. பேன் ஊத்தைத் தலை, சுத்தத் தலை பார்ப்பதில்லை, தலையோடு தலை முட்டினால் ஏறிவிடும். மருந்துக் கடையில் கேட்டுப் பேன் மருந்து வாங்கி, பேன் இருக்கிற தலை எல்லாவற்றுக்கும், உங்களுக்கு இருந்தால் உங்களுக்கும், ஒரே நாளில் போடுங்கள். ஈர் பொரிக்க ஒரு கிழமைக்குக் கிட்ட எடுக்கும், அதனால் ஒரு தடவையோடு விட்டால் சரிவராது. தலைமயிரை ஈரமாக்கி ஈர்கொல்லிச் சீப்பால் நாளுக்கு நாள் வாருங்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் தலையையும் பார்க்கச் சொல்லி ரீச்சரிடம் கேளுங்கள், எட்டாம் நாள் மறுகா மருந்தைப் போடுங்கள்.