இரான்: நாடு கடந்து வாழும் இளவரசரால் என்ன செய்ய முடியும்? – கேள்வி பதில்

மேற்காசிய வரலாற்றைக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இரானில் போராட்டம் வெடிக்கும்போதெல்லாம் பழைய மாணவர்கள் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: "ஐயா, ஷாவின் மகன் திரும்பி வருவாரா?" இம்முறை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): ஐயா, யார் இந்த ரெசா பஹ்லவி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரானின் கடைசி மன்னர் முகமது ரெசா ஷாவின் மூத்த மகன். 1960 அக்டோபர் 31 அன்று தெஹ்ரானில் பிறந்தார். 1967-இல் தந்தை முடிசூடிய விழாவில் ஏழு வயது நிறையச் சில நாட்களே இருந்த பட்டத்து இளவரசராக அமர்ந்திருந்தார். 1978-இல் போர் விமானப் பயிற்சிக்காக அமெரிக்காவின் டெக்சாஸுக்குப் போனார். அதன்பின் சொந்த மண்ணை மிதிக்கவே இல்லை. மக்கள் புரட்சி வெடித்ததால் 1979 ஜனவரி 16 அன்று தந்தை நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு ஜூலையில் கெய்ரோவில் இறந்தார். இருபது வயது நிறைந்த அன்றே, அதே கெய்ரோவில், மகன் தன்னை ஷா என்று அறிவித்துக்கொண்டார். பிற்காலத்தில் அந்தப் பட்டத்தை அவர் வற்புறுத்தவில்லை. முடியாட்சியா குடியரசா என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்பதுதான் பல ஆண்டுகளாக அவர் சொல்லிவரும் நிலை.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): மக்களே விரட்டியடித்த குடும்பம். அதே மக்கள் ஏன் அந்தப் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள்?

முதலில், கோஷத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். 2017 டிசம்பரில் மஷ்ஹத் நகரில் தொடங்கிய போராட்டத்தில் பரவிய வரி, "ரெசா ஷா, ரூஹத் ஷாத்". "ரெசா ஷா, உன் ஆன்மா மகிழட்டும்" என்று பொருள். அங்கே வாழ்த்தப்படுபவர் இன்றைய இளவரசரே இல்லை, அவருடைய தாத்தா. ரயில்பாதையும் பல்கலைக்கழகமும் கொண்டுவந்து, மதகுருக்களின் கையை ஒடுக்கியவர். மதகுருக்களின் ஆட்சியைச் சினமூட்ட அதைவிடக் கூர்மையான பெயர் கிடையாது.

கோஷமிடும் இளைஞர்களில் பெரும்பாலோர் 1979-க்குப் பின் பிறந்தவர்கள். விலைவாசியும் வேலையின்மையும் தலைமுக்காட்டுக் காவலும்தான் அவர்கள் அறிந்த அரசு. அதற்கு முன்பு இருந்ததை வீட்டுப் பழைய புகைப்படங்களில், குட்டைப் பாவாடை அணிந்த அத்தையின் சிரிப்பில் பார்க்கிறார்கள். அந்த ஏக்கத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் ஷாவின் சவாக் உளவுப் படையின் சித்திரவதை அறைகள் அந்தப் புகைப்படங்களில் இல்லை. 1975-இல் ஷா எல்லாக் கட்சிகளையும் கலைத்து ஒரே கட்சியை வைத்துக்கொண்டதும் அவற்றில் தெரியாது. இதையும் சொல்லித்தான் தீர வேண்டும். வீதியில் இன்னொரு கோஷமும் கேட்கிறது: "கொடுங்கோலன் ஒழிக, அவன் ஷாவானாலும் சரி, ரஹ்பரானாலும் சரி." ரஹ்பர் என்றால் உச்சத் தலைவர். இரண்டு கோஷங்களும் ஒரே நாட்டின் தெருக்களிலிருந்துதான் எழுகின்றன.

கேள்வி (அஞ்சல்துறை, ஓய்வு, நாகர்கோவில்): கோமேனியும் நாடு கடத்தப்பட்டவர்தானே? அவர் திரும்பி வந்து ஆட்சியையே பிடித்தாரே. இளவரசரால் ஏன் முடியவில்லை?

வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1979 புரட்சிக்குத் தலைமை தாங்கிய மதகுரு கோமேனி, ஷாவின் ஆட்சியில் 1964-இல் நாடு கடத்தப்பட்டார். துருக்கி, பிறகு இராக்கின் நஜஃப், கடைசியாகப் பாரிஸுக்கு அருகே நோஃப்ல்-லெ-ஷாத்தோ என்ற சிற்றூர். அவர் பேச்சு ஒலிநாடாவில் பதிவாகி இரானுக்குள் வந்தது. கவனிக்க வேண்டியது, அந்த நாடாவை வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இருந்தது. ஊருக்கு ஊர் பள்ளிவாசல்; பள்ளிவாசலுக்குப் பணம் தரும் கடைவீதி வணிகர்; வணிகர் கடையடைத்தால் அன்றாடம் பிழைப்பவர் வீட்டுக்கு அரிசி அனுப்பும் ஏற்பாடு. 1978 ஜனவரியில் கும் நகரில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். ஷியா வழக்கப்படி நாற்பதாம் நாள் துக்கம். அந்த நாளில் தப்ரீஸில் ஊர்வலம், மறுபடியும் சாவு. அடுத்த நாற்பதாம் நாள் யஸ்தில். துக்க நாள்காட்டியே போராட்ட நாள்காட்டியாகிவிட்டது. அதை எந்தத் தணிக்கையாளர் தடுக்க முடியும்?

பிறகு எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம். நாளொன்றுக்குச் சுமார் 60 லட்சம் பீப்பாய் எடுத்த நாடு, குளிர்காலத்தில் சொந்தத் தேவைக்கே தவித்தது. கடைசியில் படை. விமானப்படைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் கலகத்தில் சேர்ந்தார்கள். 1979 பிப்ரவரி 11 அன்று ராணுவத் தலைமை நடுநிலை அறிவித்தது. அத்துடன் முடிந்தது.

இப்போது இளவரசரின் பக்கம் பாருங்கள். ஒலிநாடா வேலையைச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் கைப்பேசியும் செய்கின்றன. 2025 டிசம்பர் இறுதியில் இரானின் நாணயமான ரியால் சரிந்து தெஹ்ரான் வணிகர்கள் கடையடைத்தார்கள். 2026 ஜனவரியில் அவர் அழைப்பு விடுத்த இரவுகளில் பெருங்கூட்டம் தெருவுக்கு வந்ததை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதே இரவில் அரசு இணையத்தைத் துண்டித்தது; துப்பாக்கிகள் வெடித்தன. கூட்டத்தைக் கூட்டக் குரல் போதும். சுடப்பட்டவனைத் தூக்கிச் செல்லவும் வேலைநிறுத்தம் செய்தவன் குடும்பத்தைக் காப்பாற்றவும் ஊருக்குள் ஓர் அமைப்பு வேண்டும். புரட்சிக்குப் பின் மதகுருக்களின் ஆட்சியைக் காக்க உருவான புரட்சிக் காவல் படை, ஷாவின் பழைய ராணுவத்தைப் போன்றது அன்று. துறைமுகம், கட்டுமானம், எண்ணெய் என்று நாட்டின் பொருளாதாரத்திலேயே வேர்விட்ட படை அது. அந்த வேர் அசையாதவரை, அழைப்பு விடுப்பவர் வாஷிங்டன் அருகே பத்திரமாக இருக்க, அதை நம்பி வெளியே வந்த பிள்ளைதான் சாகிறான். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. அழைப்பு விடுக்கும் எவருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

கேள்வி (கோயம்புத்தூர்): நாடு கடந்த மன்னர் குடும்பம் திரும்பிய முன்னுதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் பெரும்பாலும் எதிர்பார்த்த வடிவில் இல்லை.

பல்கேரியாவின் சிமியோன் ஆறு வயதில் மன்னரானார், ஒன்பது வயதில் நாட்டைவிட்டுப் போனார். 1996-இல் திரும்பியபோது மக்கள் வெள்ளம். 2001-இல் கட்சி தொடங்கிய சில மாதங்களிலேயே 240 இடங்களில் 120-ஐப் பிடித்துப் பிரதமரானார். 800 நாளில் வாழ்க்கையை மாற்றுவதாக வாக்களித்திருந்தார். 2009-இல் அவர் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லை. என் பார்வையில் அது தோல்வியே அல்ல. மன்னராக வந்திருந்தால் அவரை மக்கள் எப்படி மாற்றியிருப்பார்கள்?

கிரேக்கத்தில் 1974-இல் ராணுவ ஆட்சி வீழ்ந்தது. மன்னர் கான்ஸ்டன்டைன் அழைப்பை எதிர்பார்த்து லண்டனில் இருந்தார். அதே டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 69 விழுக்காட்டினர் குடியரசையே தேர்ந்தார்கள். சர்வாதிகாரி போனதும் சிம்மாசனம் தானாகத் திரும்பிவிடாது.

மனத்தை உறுத்துவது ஆப்கானிஸ்தான். பதவி இழந்து ரோமில் வாழ்ந்த அதன் முன்னாள் மன்னர் ஜாஹிர் ஷாவை 1991-இல் நிருபர் வேடத்தில் வந்த ஒருவன் கத்தியால் குத்தினான். சட்டைப்பையில் இருந்த சுருட்டு டப்பா உயிரைக் காத்தது. 2002-இல் நாடு திரும்பினார். லோயா ஜிர்கா பேரவையில் நூற்றுக்கணக்கானோர் அவரையே இடைக்காலத் தலைவராக விரும்பினார்கள். அமெரிக்கத் தூதரின் அழுத்தத்தில் அவர் ஒதுங்கினார். "தேசத் தந்தை" என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது.

கேள்வி (சென்னை): அமெரிக்கா, இஸ்ரேல் துணையோடு வருபவர் பொம்மை அரசர்தானே?

பொம்மை என்று நான் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் இரானியரின் ஐயத்துக்கு ஆழமான காரணம் உண்டு. 1941-இல் பிரிட்டனும் சோவியத் யூனியனும் படையெடுத்து இவர் தாத்தாவை அரியணையிலிருந்து இறக்கின. அவரை ஏற்றிய கப்பல் பம்பாய் வரை வந்தும் இறங்க விடவில்லை, மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள். அப்போது முந்தைய கஜார் வம்சத்து இளவரசர் ஒருவரை அரியணையில் வைக்கலாமா என்று லண்டனில் யோசித்தார்கள். அவருக்குப் பாரசீக மொழியே வராது என்று தெரிந்ததும் கைவிட்டார்கள்! 1953-இல் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்து இவர் தந்தையை நிலைநிறுத்தியது சி.ஐ.ஏ.வும் பிரிட்டிஷ் உளவுத்துறையும். இத்தனையும் நினைவில் இருக்கும் மக்களிடம், 2023 ஏப்ரலில் இஸ்ரேல் சென்று எடுத்துக்கொண்ட படங்கள் எப்படிப் போய்ச் சேரும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

கேள்வி (ஈரோடு): அவருக்கு மகன் இல்லையாமே?

மூன்று மகள்கள். பழைய அரசமைப்பில் ஆண் வாரிசுக்கே உரிமை. மன்னராட்சி திரும்பினாலும் அந்தச் சட்டம் மாறியே ஆக வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி): குவைத்தில் வேலை பார்த்த என் தாத்தாவின் பெட்டியில் ஓர் இரான் நோட்டு கிடைத்தது. ஷாவின் முகத்தின் மேல் கறுப்பாக ஏதோ அச்சடித்திருக்கிறது. போலியா?

போலி அல்ல, பத்திரமாக வையுங்கள். புரட்சிக்குப் பின் புது நோட்டு அச்சிட அவகாசம் இல்லை. இருந்த நோட்டுகளிலேயே முகத்தை மறைத்துப் பூவேலைப்பாட்டை அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது. வகுப்பில் மாணவர் கையில் கொடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்வேன். தோள்பட்டையின் விளிம்பு தெரியும்.

கேள்வி (வழக்கறிஞர், சேலம்): எதிரணியினர் ஏன் ஒன்றுசேர முடியவில்லை?

ஒருமுறை சேர்ந்தார்கள். 2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்து, "பெண், வாழ்வு, விடுதலை" என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது. 2023 பிப்ரவரியில் பஹ்லவி, ஊடகவியலாளர் மசி அலினெஜாத், இரானியப் படை 2020-இல் சுட்டு வீழ்த்திய உக்ரைன் பயணிகள் விமானத்தில் மனைவியையும் மகளையும் இழந்த ஹாமெத் எஸ்மாயிலியோன் முதலியோர் வாஷிங்டனில் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். சில வாரங்களில் சாசனமும் வந்தது. ஏப்ரலுக்குள் கூட்டணி உடைந்துபோனது. சிறுபான்மை இனத்தவரான குர்துகளும் பலூச்சிகளும் அதிகாரப் பகிர்வு என்றால், முடியாட்சி ஆதரவாளர்களுக்கு அது பிரிவினையாகக் கேட்கிறது. மஹ்சாவே குர்துப் பெண். வீட்டில் அவள் பெயர் ஜினா. அந்தப் பெயரைச் சொல்லி எழுந்த போராட்டத்தில் குர்துகளை ஐயத்தோடு பார்ப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கேள்வி (வேலூர்): அப்படியானால் அதிகார மாற்றம் எப்படி நடக்க வேண்டும்?

1979 மார்ச் இறுதியில் நடந்ததைப் போல் நடக்கக் கூடாது. அன்று வாக்குச்சீட்டில் ஒரே கேள்வி: இஸ்லாமியக் குடியரசு, ஆம் அல்லது இல்லை. ஆம் பச்சை, இல்லை சிவப்பு. 98.2 விழுக்காடு ஆம் என்று அரசு அறிவித்தது. அந்தக் குடியரசில் யாருக்கு என்ன அதிகாரம் என்று எழுதிய அரசமைப்பே அன்று கிடையாது. மதகுருவுக்கு மேலதிகாரம் தரும் பிரிவு பிறகுதான் வந்தது. பெயருக்கு வாக்களித்தார்கள், சரக்கு வேறாக வந்தது.

ஆகவே முதலில் அரசமைப்பு அவைக்குத் தேர்தல், பிறகு எழுதிய வரைவு, கடைசியில் வாக்கெடுப்பு. இடைக்காலத்தில் தலைமை ஏற்பவர், அது இளவரசரே ஆனாலும், எத்தனை மாதம், எந்த அதிகாரம், யார் அவரை நீக்கலாம் என்பதை வருவதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டும். பாரிஸில் இருந்தபோது மதகுருக்கள் ஆளப்போவதில்லை என்ற பொருள்படத்தான் கோமேனியும் பேசினார். வாய்ச்சொல்லை ஒருமுறை நம்பிய நாடு அது.

கேள்வி (முதுகலை மாணவி, ஹைதராபாத் விடுதியிலிருந்து): என் பக்கத்து அறையில் ஓர் இரானியப் பெண் இருக்கிறாள். இதைப் பற்றி அவளிடம் பேசலாமா ஐயா?

பேசம்மா. ஆனால் "நீ ஷா பக்கமா?" என்று தொடங்காதே. எந்த ஊர், வீட்டாரோடு பேச முடிகிறதா என்று கேள். இணையம் துண்டிக்கப்பட்ட நாட்களில் அவளுக்குத் தூக்கம் இருந்திருக்காது. அவள் சொல்வதை எங்கும் எழுதாதே, படம் எடுத்துப் பகிராதே. அங்கே அவள் தம்பியோ அப்பாவோ அதற்கு விலை கொடுக்க நேரும். தேநீர் போட்டுக் கொடு. பால் இல்லாமல், சர்க்கரைக் கட்டியைத் தனியாக வை.