ஒலிம்பியோ என்றொரு பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெயர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். என் சொந்த ஊர் தூத்துக்குடி. இப்போது பிரான்சில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பக்கத்து மேசைக்காரர் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டைச் சேர்ந்தவர். அவருடைய குடும்பப் பெயர் ஒலிம்பியோ. விளையாட்டுப் போட்டிகளின் நினைவில் வைத்த பெயரோ என்று முதலில் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இல்லை, நாங்கள் பிரேசில்காரர்கள்" என்றார். அவரும் அவருடைய அப்பாவும் தாத்தாவும் பிரேசிலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம்!

என் கேள்விகள் இவை. இந்தப் பெயர் அங்கே எப்படிப் போனது? வேறு எங்கெல்லாம் இருக்கிறது? மூன்றாவது கேள்விதான் என்னைக் கூடுதலாகக் குடைகிறது. எங்கள் ஊரில் குரூஸ் பர்னாந்து சிலையைக் கடந்துதான் நான் பள்ளிக்குப் போனேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பர்னாந்து, கோமஸ், மோத்தா. அவர்களில் யாருமே தங்களைப் போர்த்துகீசியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அப்படியிருக்க இவர் மட்டும் ஏன் பிரேசில்காரர் என்கிறார்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பரிடம் அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர் எது என்று கேளுங்கள். முதலில் டோகோவின் தலைநகரான லோமே என்பார். அதற்கும் முன்னால் என்று கேட்டால் அகூயே என்பார் என நினைக்கிறேன். அகூயே இன்று பெனின் நாட்டில், டோகோ எல்லையை ஒட்டி இருக்கிறது. கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் அமைந்த சிற்றூர். டோகோவின் ஒலிம்பியோக்களுக்கு அங்கே ஒரே ஒரு மூதாதை இருக்கிறார்.

பிரான்சிஸ்கோ ஒலிம்பியோ தா சில்வா என்பது அவர் முழுப்பெயர். 1833இல் பிரேசிலின் பஹியா மாநிலத்துத் தலைநகரான சால்வடோரில் பிறந்தவர். 1850 வாக்கில், மீசை அரும்பும் வயதில், கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தார். ஐரோப்பியர்களின் வரைபடங்களில் அந்தக் கரைக்கு அப்போது 'அடிமைக் கடற்கரை' என்றே பெயர் போட்டிருக்கும்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1850 செப்டம்பரில்தான் பிரேசில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. ஒரு கொடிய தொழில் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் அதற்குள் நுழைந்தவர் இந்த இளைஞர். தொடக்கத்தில் அடிமை வணிகர்களிடம்தான் வேலை பார்த்தார். இதை மென்று விழுங்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு சாதாரண வணிகத்துக்கு மாறினார், அகூயேயில் நிலைத்தார், பல மனைவியர் வழியாகப் பெரிய குடும்பம் ஒன்றுக்குத் தலைவரானார். 1907இல் காலமானார்.

இதற்கிடையில் அவர் செய்த ஒரு காரியத்தால்தான் உங்கள் நண்பருக்கு இந்தப் பெயர் கிடைத்தது. தன் பெயரின் கடைசிப் பகுதியான 'தா சில்வா'வை அவர் விட்டுவிட்டார். சில்வா பிரேசிலின் மிகப் பரவலான குடும்பப் பெயர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் சில்வாக்கள் நிறைய இருந்தார்கள். போர்த்துகீசியர் போன இடமெல்லாம் அது முளைத்தது, இலங்கையின் டி சில்வாக்கள் வரைக்கும். ஒலிம்பியோ அப்படியல்ல, அது ஆளுக்கு இடும் பெயர். சில்வா என்றால் லத்தீனில் காடு. ஒலிம்பியோ என்பதோ கிரேக்கக் கடவுளர் வாழும் ஒலிம்பஸ் மலையிலிருந்து வந்தது. காட்டை விட்டுவிட்டு மலையை வைத்துக்கொண்டார். தகப்பனின் சொந்தப் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராயிற்று. தகப்பன் பெயரை முன்னெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. நம் இனிஷியல் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடும், அங்கே அது முதல் தலைமுறையிலேயே உறைந்து நின்றுவிட்டது. அவ்வளவுதான் வேறுபாடு.

உறைந்து நின்றதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. உங்கள் நண்பர் தன் பெயரில் 'லி' என்ற ஒலிக்கு எந்த லத்தீன் எழுத்தைப் போடுகிறார் என்று பாருங்கள். 'ஐ' அல்ல, 'ஒய்'. பழைய போர்த்துகீசியத்தில் கிரேக்கச் சொற்களை அப்படித்தான் எழுதினார்கள். 1911இல் போர்ச்சுகல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து அந்த 'ஒய்'யை நீக்கியது. 1943இல் பிரேசிலும் தன் எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தியபோது அதைக் கைவிட்டது. இன்று பிரேசிலில் பிறக்கும் குழந்தைக்கு இப்பெயரை வைத்தால் 'ஐ' போட்டுத்தான் எழுதுவார்கள். லோமேயின் ஒலிம்பியோக்களோ பாட்டனார் கப்பலேறிய காலத்து எழுத்தை இன்றும் எழுதுகிறார்கள். தாய்நாட்டில் வழக்கொழிந்த சொல்லைப் புலம்பெயர்ந்தவர்கள் பேசிக்கொண்டிருப்பது போன்றது இது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

இனி உங்கள் நண்பரின் 'பிரேசில்காரர்' என்ற சொல்லுக்கு வருகிறேன். பெனின், டோகோ, நைஜீரியா கரைகளில் பிரேசிலோடு தொடர்புடைய ஒரு சமூகமே இருக்கிறது. அகூதா என்பார்கள். பெனினின் உவீதா துறைமுகத்தில் போர்த்துகீசியர் 1721இல் கட்டிய அஜுதா கோட்டையின் பெயரிலிருந்து வந்த சொல் அது. இச்சமூகத்தில் இரண்டு வகையினர் கலந்திருக்கிறார்கள். ஒரு வகை, பிரான்சிஸ்கோவைப் போல வணிகத்துக்காக வந்த பிரேசில்காரர்கள். இன்னொரு வகை, ஆப்பிரிக்காவில் பிடிபட்டு, பஹியாவில் அடிமைகளாக உழைத்து, விடுதலை பெற்றுக் கரை திரும்பியவர்கள். 1835 ஜனவரியில் சால்வடோரில் முஸ்லிம் அடிமைகள் தலைமையில் ஒரு கிளர்ச்சி வெடித்தது. அதற்குப்பின் விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களுக்கு அங்கே வாழ்க்கை நரகமாயிற்று. சிலர் நாடு கடத்தப்பட்டார்கள், பலர் தாங்களாகவே கப்பல் ஏறினார்கள்.

திரும்பி வந்தவர்கள் எந்தப் பெயரோடு வந்தார்கள்? தங்களை வைத்திருந்த எசமானர்களின் பெயரோடு. தல்மெய்தா, தா சில்வா போன்றவை பலருக்கு அப்படிச் சேர்ந்தவைதான். அகூயேயில் 1845இல் தேவாலயம் கட்டியவர் ஜோவாகிம் தல்மெய்தா. மாஹி இனத்தில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, எசமானின் பெயரைப் பெற்று, விடுதலையாகித் திரும்பியவர். விடுதலை பெற்றபின் அவரே அடிமை வணிகரானார். இந்த வரியை எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனால் அந்தக் கரையின் வரலாறு இப்படித்தான் இருக்கிறது. விற்றவனும் விற்கப்பட்டவனும் ஒரே தேவாலயத்தில் மண்டியிட்டார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண்ணெடுத்தார்கள், ஒரே வகைப் பெயர்களைச் சுமந்தார்கள். பெனினின் தலைநகரான போர்ட்டோ நோவோவில் பராய்சோ என்றொரு குடும்பம் இருக்கிறது. போர்த்துகீசியத்தில் சொர்க்கம் என்று பொருள். அவர்கள் முஸ்லிம்கள்!

அதனால்தான் பரவலான பெயர் எதையும் சொல்வதில்லை என்கிறேன். அந்தக் கரையில் ஒருவர் தல்மெய்தா என்றால், அவருடைய மூதாதை கப்பலின் மேல்தட்டில் நின்று வந்தாரா, ஒருகாலத்தில் அடித்தட்டில் விலங்கோடு போனவரா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று இரத்த உறவே இல்லாத தல்மெய்தா குடும்பங்கள் அங்கே உண்டு. அரிய பெயர் அப்படியல்ல. அது ஒரு மனிதனிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும். டோகோவில் ஒருவர் தன்னை ஒலிம்பியோ என்று சொன்னால், நீங்கள் 1850ஆம் ஆண்டின் ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பெயர் டோகோவிலும் பெனினின் கடலோரத்திலும் இருக்கிறது, அங்கிருந்து பிரான்சுக்கும் பிற நாடுகளுக்கும் போயிருக்கிறது. மாலியின் கெய்த்தா, த்ராவோரே போன்ற குலப்பெயர்களை எல்லைகள் கடந்து பெருங்கூட்டமாக மக்கள் சுமக்கிறார்கள். ஒலிம்பியோ ஒரு வீட்டின் பெயர். பிரேசிலில் தனியாக அப்பெயர் உண்டு, அவர்கள் இந்தக் கிளையினர் அல்லர்.

ஒரு வீட்டின் பெயர் ஒரு நாட்டின் பெயரைப் போல ஒலிக்கக் காரணம் லோமே. அந்த நகரமே 1880 வாக்கில்தான் உருவானது. பக்கத்து ஆங்கிலேயப் பகுதியின் சுங்கவரிக்குத் தப்ப வணிகர்கள் எல்லைக்கு இப்பால் கடைவிரித்த இடம். பிரான்சிஸ்கோவின் மகன் ஒக்தாவியானோ ஒலிம்பியோ 1882இல் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் முகவராக அங்கே வந்தார். 1884இல் ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்தார்கள். ஒக்தாவியானோ தென்னந்தோப்பு வைத்தார், செங்கல் சூளை போட்டார், நகரின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார். 1913இல் ஜெர்மனியின் குடியேற்ற அமைச்சர் லோமேக்கு வந்தபோது, ஆப்பிரிக்கர்களுக்கு உரிமைகள் கேட்டு மனுக் கொடுத்தவர்களுக்கு முன்னால் நின்றவர் இவர்தான்.

இவருடைய அண்ணன் தம்பியரில் எப்பிபானியோ என்பவரின் மகன் சில்வானுஸ் ஒலிம்பியோ. 1902 செப்டம்பர் 6 அன்று பிறந்தார், அது சனிக்கிழமை. தெற்கு டோகோவின் எவே மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள், சனிக்கிழமைப் பையன் க்வாமி. லண்டனில் பொருளாதாரம் படித்தவர். 1960 ஏப்ரல் 27 அன்று டோகோ விடுதலை பெற்றது. 1961இல் இவர் அதன் முதல் அதிபரானார். 1963 ஜனவரி 13 விடியற்காலையில் கலகக்காரச் சிப்பாய்கள் அவரை அமெரிக்கத் தூதரக வாசலருகே சுட்டுக் கொன்றார்கள். அடுத்து அதிபரானவர் நிக்கோலா க்ருனிட்ஸ்கி, போலந்து வழிவந்த ஜெர்மானியத் தந்தைக்குப் பிறந்தவர். அவர் சில்வானுஸின் மைத்துனரும்கூட. பஹியாவிலிருந்து ஒரு பெயர், போலந்திலிருந்து ஒரு பெயர். ஆப்பிரிக்கக் கடலோர நாடொன்றின் முதல் இரண்டு அதிபர்களின் பெயர்கள் இவை.

1967இல் ஆட்சியைப் பிடித்த எயாடெமா, 1963இன் சிப்பாய்களில் ஒருவர். தானே சுட்டதாக அவர் சொன்னதும் உண்டு, பிறகு மறுத்ததும் உண்டு. 1974இல் அவர் டோகோ மக்கள் ஐரோப்பிய முன்பெயர்களைக் கைவிட வேண்டுமென்றார். எத்தியேன் எயாடெமாவாக இருந்தவர் ஞாஸிங்பே எயாடெமா ஆனார். குடும்பப் பெயர்களை அந்த ஆணை தொடவில்லை. சில்வானுஸின் மகன் கில்கிறிஸ்ட் ஒலிம்பியோ எதிர்க்கட்சித் தலைவராக நாட்டுக்கு வெளியே நெடுங்காலம் வாழ்ந்தார். 1992இல் பிரச்சாரப் பயணத்தில் அவரும் சுடப்பட்டு, பிழைத்தார். இப்பெயரைச் சொல்லிக்கொள்வதே ஓர் அரசியல் நிலைப்பாடாகப் பார்க்கப்பட்ட காலம் ஒன்று டோகோவில் இருந்தது. உங்கள் நண்பரிடம் இதைப் பேசும்போது மெல்லப் பேசுங்கள்.

இப்போது தூத்துக்குடி. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். கடலில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து போர்த்துகீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. பர்னாந்தும் கோமஸும் அந்தத் தண்ணீரோடு வந்த பெயர்கள். மக்கள் தங்கள் கரையிலேயே இருந்தார்கள், பெயர்தான் கடல் கடந்து வந்தது. ஆகவே உங்கள் பள்ளித் தோழர்கள் தங்களைப் போர்த்துகீசியர் என்று சொல்லாதது முற்றிலும் சரி. ஒலிம்பியோ விஷயத்தில் பெயரோடு ஆளும் கடல் கடந்து வந்தார். ஆகவே உங்கள் நண்பர் சொல்வதும் சரிதான்.

ஆனால் முழுக்கச் சரியா? பிரான்சிஸ்கோ நான்கு தலைமுறைக்கு முந்தையவர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தலைமுறையில் உங்கள் நண்பருக்குப் பதினாறு முன்னோர்கள். அவர்களில் ஒருவர் பெயர் மட்டுமே நிலைத்திருக்கிறது. அந்த வீட்டுக்குள் வாழ்க்கைப்பட்டு வந்து, தங்கள் மொழியில் பிள்ளைகளைத் தாலாட்டி, கிழமைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பாட்டிமார் எவரும் இந்தப் பெயரில் இல்லை. என் அக்கறையெல்லாம் அவர்கள் மேல்தான்.

சுட்டுக் கொல்லப்பட்ட சில்வானுஸை லோமேயில் அடக்கம் செய்யவில்லை. எல்லைக்கு அப்பால், தாத்தா குடியேறிய அகூயேக்குக் கொண்டுபோய் அங்கே புதைத்தார்கள். அடுத்த விடுமுறைக்கு நண்பர் ஊருக்குப் போனால் அங்கே ஓர் எட்டுப் போய்வரச் சொல்லுங்கள். லோமேயிலிருந்து கடலோரச் சாலையில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அங்கே வயதான பெண்கள் யாராவது இருந்தால் பாட்டிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்